பூட்டு ஊரறிய, சாவி உன்னிடம்!

தேநீர்க் கடையிலே தோழர் ஒருவர் தேநீர் அருந்துகிறார். சட்டைப் பையிலே சில்லறை இல்லை. அதனால் கவலையும் இல்லை. கைப்பேசியை எடுக்கிறார். கடை முகப்பிலே ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட அட்டைக்கு நேரே காட்டுகிறார். எண்களை அழுத்துகிறார். கடைக்காரரின் மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டி, பணம் வந்து சேர்ந்தது என்று வாய்விட்டுச் சொல்கிறது.

போயிற்று, வந்தது! ஆனால் எந்த வழியே போயிற்று? காற்று வழியே! காற்றுக்குக் கதவுண்டா, தாழ்ப்பாள் உண்டா, காவற்காரன்தான் உண்டா? அலை பரவும் இடத்திலே கருவியோடு நிற்பவன் எவனும் அதைப் பிடிக்கலாம். பிடித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் கையிலே கிடைப்பது என்ன? பொருளற்ற எண்களின் கூட்டம். பித்தன் பிதற்றல் போலத் தோன்றும் அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு காசும் எடுக்க முடியாது, ஒரு சொல்லும் அறிய முடியாது.

இந்த வேலைக்கு மறையாக்கம் என்று பெயர். சங்கேதம் என்று நம்மவர் சொல்லிவந்த கலையின் இன்றைய வடிவம்.

"அதெல்லாம் மெத்தப் படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நமக்குத்தான் வேண்டும் என்கிறோம் நாம். ஏனெனில், அந்தப் பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி செய்து அரசாங்கத்தின் கையிலே கொடுக்க வேண்டும் என்ற பேச்சு இங்கிலாந்திலே எழுகிறது, அமெரிக்காவிலே எழுகிறது, இந்தியாவிலும் எழுந்திருக்கிறது. பூட்டு இன்னதென்று தெரியாதவன், சாவியைப் பற்றிய வழக்கிலே எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

கணக்கு என்றதும் கால் நடுங்கும் தோழர்கள் அஞ்ச வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் போதும். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் நாம். நமக்கே விளங்கியது என்றால், தறியையும் கடைசல் இயந்திரத்தையும் ஆட்டிப் படைக்கும் கைகளுக்கு விளங்காமலா போகும்?

*

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர், பகைவர் நடுங்கப் படை நடத்தியவன். அவனும் ஒன்றுக்கு அஞ்சினான். தன் கடிதம் வழியிலே பிறர் கையில் சிக்கிவிடுமோ என்று! ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, வரிசையில் மூன்று இடம் தள்ளி நிற்கும் எழுத்தை எழுதினான்.

நம் எழுத்திலேயே செய்து பார்ப்போமே. க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. திண்ணைப் பள்ளியிலே படித்த வரிசைதான். ஒவ்வொரு மெய்க்கும் அடுத்த மெய்யை எழுதுவது என்று நீங்களும் நாமும் ஒப்பந்தம் செய்துகொள்கிறோம். 'மாலை வா' என்று நாம் சொல்லவேண்டும். ம போய் ய வருகிறது, ல போய் வ வருகிறது, வ போய் ழ வருகிறது. 'யாவை ழா' என்று எழுதி அனுப்புகிறோம். இடையிலே பிரித்துப் பார்ப்பவன் விழிக்கிறான். நீங்களோ ஒவ்வோர் எழுத்தாகப் பின்னுக்குத் தள்ளி, மாலையிலே வந்து சேருகிறீர்கள்.

இங்கே இரண்டு பொருள்கள் இருப்பதைக் கவனியுங்கள். 'எழுத்தைத் தள்ளி எழுது' என்பது முறை. 'எத்தனை இடம் தள்ளுவது' என்பது சாவி. முறை வேறு, சாவி வேறு. இந்த வேற்றுமை நெஞ்சிலே பதிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

சீசரின் பூட்டு, பாவம், சொத்தைப் பூட்டு! நம்முடைய பதினெட்டு மெய்யிலே பதினேழு விதமாகத்தான் தள்ள முடியும். பதினேழையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

சரி, வரிசையாகத் தள்ளாமல், க-வுக்கு ற, ங-வுக்கு த என்று தாறுமாறாக மாற்றினால்? அப்போது சாவிகளின் எண்ணிக்கை எகிறிவிடுகிறது. பதினெட்டு மெய்களை எத்தனை விதமாக வரிசை மாற்றி அடுக்கலாம் தெரியுமா? 64 கோடியைக் கோடியால் பெருக்கினால் எவ்வளவோ, அதற்கும் சற்று அதிகம். ஒவ்வொன்றாகச் சோதிக்க ஓராயுள் போதாது. ஓராயிரம் ஆயுள் போதாது.

ஆனால் அறிவு என்ற ஒன்று இருக்கிறதே! ஒன்பதாம் நூற்றாண்டிலே பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் பேரறிஞர், சாவியைத் தேடாமலே பூட்டைத் திறக்கும் வழியை எழுதிவைத்தார். ஒரு மொழியிலே எல்லா எழுத்துக்களும் ஒரே அளவில் புழங்குவதில்லை. தமிழிலே க-வும் த-வும் வரிக்கு வரி வரும். ஞ எப்போதாவது விருந்தாளி போல் வரும். மறைத்து எழுதிய நீண்ட கடிதத்திலே எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணு. அடிக்கடி வருவது பழக்கமான எழுத்தாக இருக்கும், அருமையாக வருவது அருமையான எழுத்தாக இருக்கும். வேடத்தை மாற்றலாம், நடையை மாற்ற முடியாது! நடையைக் கொண்டே ஆளைப் பிடித்தார் அல்-கிந்தி. கோடி கோடிச் சாவிகள் இருந்தும் அந்தப் பூட்டு திறந்துகொண்டது.

அன்று முதல் ஆயிரம் ஆண்டுக் காலம் இதே போராட்டம். ஒருவர் பூட்டுச் செய்வார், ஒருவர் உடைப்பார். மன்னர்களும் தளபதிகளும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், எங்கள் முறை எவருக்கும் தெரியாது என்று இறுமாந்தார்கள், தெரிந்துபோனதும் தலையில் கை வைத்தார்கள்.

1883ஆம் ஆண்டில்தான் ஒருவர் தெளிவாகச் சொன்னார். அகஸ்டே கெர்க்காஃப்ஸ் என்று பெயர். ஹாலந்திலே பிறந்து, பாரிசிலே மொழி ஆசிரியராக இருந்தவர். முறை பகைவன் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது, சாவி ஒன்றுதான் இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. வாத்தியார் சொன்னதைத் தளபதிகள் கேட்டார்களா? சிலர் கேட்டார்கள். கேட்டவர்களும் அரைகுறையாகக் கேட்டார்கள். ஜெர்மனியின் எனிக்மா இயந்திரத்தின் கதை அதற்குச் சாட்சி.

தட்டச்சு இயந்திரம் போன்ற பெட்டி. ஓர் எழுத்தை அழுத்தினால் உள்ளே சக்கரங்கள் சுழன்று வேறோர் எழுத்து விளக்கு எரியும். மறுபடி அதே எழுத்தை அழுத்தினால், சக்கரம் நகர்ந்துவிட்டபடியால், இன்னோர் எழுத்து எரியும். அல்-கிந்தியின் எண்ணும் வித்தை அங்கே பலிக்காது. சக்கரங்களை எப்படி வைத்துத் தொடங்குவது என்பதே சாவி. அது நாள்தோறும் மாறும். இட்லரின் படைகள் மார்தட்டின. ஆனால் 1932இன் இறுதியிலேயே மரியன் ரெயெவ்ஸ்கி என்ற போலந்து நாட்டு இளைஞர், கணக்கைக் கொண்டு அந்த இயந்திரத்தின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்துவிட்டார். 1939 ஜூலையில், போர் மூளுவதற்குச் சில வாரங்களுக்கு முன், போலந்துக்காரர்கள் தங்கள் கண்டுபிடிப்பை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் எடுத்துக் கொடுத்தார்கள். இங்கிலாந்திலே பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகையில் ஆலன் டூரிங் முதலிய அறிஞர்களும், ஆயிரக்கணக்கான பணியாளர்களும் (பெரும்பாலோர் பெண்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவர்களாவோம்) இரவும் பகலும் உழைத்தார்கள்.

எப்படி உடைத்தார்கள்? எனிக்மாவிலே ஒரு சின்ன ஓட்டை. எந்த எழுத்தும் தானாகவே திரும்பி வராது. 'ஏ'யை அழுத்தினால் 'ஏ' மட்டும் எரியாது. இன்னொன்று, அதை இயக்கிய மனிதர்களின் பழக்கம். நாள்தோறும் ஒரே நேரத்தில் வானிலை அறிக்கை. அதிலே ஒரே வாசகம். உள்ளே இருப்பது வானிலை அறிக்கை என்று ஊகிக்க முடிந்தால், எந்தச் சாவி அந்த வாசகத்தை இப்படி மாற்றியிருக்கும் என்று இயந்திரத்தைக் கொண்டே தேடலாம். தேடினார்கள், கண்டார்கள். சக்கரத்தின் குற்றம் பாதி, சலிப்புற்ற மனிதனின் குற்றம் மீதி.

*

இன்று உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் பூட்டுக்கு வருவோம். அதன் பெயர் ஏ.இ.எஸ். பெல்ஜியம் நாட்டு இளைஞர்கள் இருவர், யோன் டேமனும் வின்சென்ட் ரெய்மனும், வகுத்த முறை. அமெரிக்க அரசின் தர நிறுவனம் உலகெங்குமிருந்து போட்டிக்கு அழைத்து, ஆளுக்கு ஆள் அடித்து உடைத்துப் பார்க்கச் சொல்லி, உடையாமல் நின்றவற்றுள் ஒன்றாக இதைத் தேர்ந்து 2001இல் அறிவித்தது. இரகசிய அறையிலே அல்ல, நடுச் சந்தியிலே வைத்து! கெர்க்காஃப்ஸ் வாத்தியார் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

அது செய்வது என்ன? உங்கள் செய்தி முதலில் எண்களாகிறது. பதினாறு பதினாறு எண்களாக எடுத்து, நான்கு வரிசை, நான்கு நிரல் கொண்ட கட்டத்திலே வைக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் அட்டவணைப்படி வேறெண்ணாக மாற்றுகிறது. வரிசைகளை இடம் பெயர்க்கிறது. நிரலுக்குள் எண்களை ஒன்றோடொன்று கலக்கிறது. பிறகு சாவியைக் கலக்கிறது. முடிந்ததா? இல்லை, மறுபடி முதலிலிருந்து. குறைந்தது பத்துச் சுற்று! சீட்டுக் கட்டை ஒருமுறை கலைத்தால் கெட்டிக்காரன் கண்டுகொள்வான். பத்துமுறை, பத்துவிதமாகக் கலைத்தால்? கலைத்த முறையின் கணக்கு வைத்திருப்பவன் மட்டுமே பின்னோக்கிப் போய்ச் சேர்க்க முடியும்.

சாவியின் நீளத்தைச் சொன்னால்தான் அதன் வலிமை தெரியும். இதற்கு முன், 1977இல், டி.இ.எஸ். என்ற பூட்டை அமெரிக்க அரசு தரமாக ஏற்றது. 56 இடங்கள் கொண்ட சாவி. ஒவ்வோர் இடத்திலும் சுழியமோ ஒன்றோ. இருக்கக்கூடிய சாவிகள் சுமார் 720 கோடி கோடி. சாவி குட்டையாக இருக்கிறது, உடைபடும் என்று அன்றே அறிஞர்கள் எச்சரித்தார்கள். அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. 1998இல் ஒரு குடியுரிமை அமைப்பு, இரண்டரை இலட்சம் டாலருக்குக் குறைந்த செலவிலே ஓர் இயந்திரம் கட்டி, மூன்று நாளுக்குள் உடைத்துக் காட்டியது! ஏ.இ.எஸ். சாவிக்குக் குறைந்தது 128 இடங்கள். ஓரிடம் கூடினால் சாவிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்பதை மறவாதீர்கள். 72 இடங்கள் கூடினால் எழுபத்திரண்டு முறை இரட்டிப்பு! எண்ணை எழுதினால் 39 இலக்கம் வரும்.

*

பூட்டு பலமானது. ஒப்புக்கொண்டோம். ஆனால் பழைய தலைவலி ஒன்று அப்படியே இருந்தது. சாவியை எப்படிக் கொடுத்தனுப்புவது?

கோவையிலே மணி, தூத்துக்குடியிலே வேலு. இருவரும் முன்பின் பார்த்ததில்லை. இரகசியமாகப் பேச வேண்டும். ஒரே சாவி இருவரிடமும் இருந்தாக வேண்டும். மணி சாவியைக் கடிதத்திலே எழுதினால் கடிதத்தைப் பிரிப்பவன் எடுத்துக்கொள்வான். ஆள் வழியே அனுப்பலாம். அரசர்களும் தூதரகங்களும் அப்படித்தான் செய்தார்கள், பூட்டிய பெட்டியைக் கைவிலங்கோடு பிணைத்துக்கொண்டு தூதுவர்கள் போனார்கள். ஏழைக்கு ஏது தூதுவன்? ஆகவே இரகசியம் என்பது ஆள்வைத்துக்கொள்ள வசதி படைத்தவனின் சொத்தாகவே இருந்தது.

நான்கு பேர் நடுவிலே உரத்த குரலில் பேசியே, அந்த நால்வருக்கும் தெரியாத ஓர் இரகசியத்தை இருவர் உண்டாக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றுதான் நூற்றாண்டுக் கணக்கில் உலகம் நம்பியது. 1976இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர், முடியும் என்று காட்டினார்கள். ரால்ஃப் மெர்க்கிள் என்ற மாணவரும் அதே வழியிலே தனியாகச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் யோசனையை வகுப்பாசிரியர் ஏற்கவில்லை என்பது தனிக்கதை.

எழுதுகோலை எடுங்கள், தோழர்களே. கூடவே செய்து பாருங்கள்.

மணியும் வேலுவும் ஊரறிய இரண்டு எண்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்: 7, 23. ஒட்டுக் கேட்பவனும் குறித்துக்கொள்கிறான். குறித்துக்கொள்ளட்டும்.

மணி தன் மனத்துக்குள் ஓர் எண் நினைக்கிறார்: 3. எவரிடமும் சொல்வதில்லை. 7ஐ மூன்று முறை பெருக்குகிறார்: 343. அதை 23ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுக்கிறார்: 21. இந்த 21ஐ உரக்கச் சொல்கிறார்.

வேலு நினைத்த எண் 4. 7ஐ நான்கு முறை பெருக்கினால் 2401. 23ஆல் வகுத்தால் மீதி 9. இந்த 9ஐ உரக்கச் சொல்கிறார்.

இப்போது மணி, வேலு சொன்ன 9ஐ எடுத்து, தன் இரகசிய எண்படி மூன்று முறை பெருக்குகிறார்: 729. 23ஆல் வகுக்க, மீதி 16. வேலு, மணி சொன்ன 21ஐ எடுத்து, தன் எண்படி நான்கு முறை பெருக்குகிறார்: 1,94,481. 23ஆல் வகுக்க, மீதி... செய்து பாருங்கள்... 16!

இருவர் கையிலும் 16. எவரும் வாய்திறந்து சொல்லாத 16! மாயமா? மந்திரமா? ஒன்றுமில்லை. மணி முதலில் மூன்று முறை, வேலு அதை நான்கு முறை; வேலு முதலில் நான்கு முறை, மணி அதை மூன்று முறை. எப்படிப் பார்த்தாலும் 7ஐப் பன்னிரண்டு முறை பெருக்கியதுதான். முன்னே பின்னே மாற்றினால் விடை மாறாது என்பது நாம் சிறு வயதிலே படித்தது.

ஒட்டுக் கேட்டவனிடம் என்ன இருக்கிறது? 7, 23, 21, 9. அவன் கண்டுபிடிக்க வேண்டியது, எத்தனை முறை பெருக்கினால் மீதி 21 வரும் என்பதை. சின்ன எண் ஆனபடியால் இங்கே அவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துப் பிடித்துவிடுவான். ஆனால் 23க்குப் பதிலாக 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட பகா எண்ணை வைத்தால்? பெருக்கிப் போவது கணினிக்குக் கண்ணிமைக்கும் வேலை. திரும்பி வரும் வழியோ அடைபட்டுவிடுகிறது. கடிகாரம் மணி மூன்று காட்டுகிறது. முள் எத்தனை சுற்றுச் சுற்றிவந்து மூன்றிலே நிற்கிறது என்று முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மீதி மட்டும் நிற்கிறது, சுற்று மறைந்துவிட்டது. அந்த மறைவிலேதான் நம் இரகசியம் குடியிருக்கிறது.

மறு ஆண்டே, 1977இல், ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் இன்னொரு வழி கண்டார்கள். மூவர் பெயரின் முதலெழுத்தால் ஆர்.எஸ்.ஏ. என்று வழங்குகிறது. திறந்து கிடக்கும் பூட்டுக்களை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடு, சாவியை மட்டும் நீ வைத்துக்கொள் என்பது அதன் சாரம். பூட்டை அழுத்தி மூட எவனாலும் முடியும். திறக்க உன்னால் மட்டும் முடியும். 53ஐயும் 61ஐயும் பெருக்கச் சொன்னால் 3233 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். 3233 எந்த இரு எண்களின் பெருக்கல் என்று முதலிலேயே கேட்டிருந்தால்? சிரமம்தான். பெருக்கிய எண் பூட்டு. பெருக்கப்பட்ட இரண்டு பகா எண்கள் சாவி. அந்த ஆண்டு 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். கோடானு கோடி ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். பதினேழே ஆண்டில், 1994இல், உலகெங்கும் சுமார் 600 தொண்டர்கள் தங்கள் கணினிகளைச் சேர்த்து உடைத்துவிட்டார்கள்! ஊர் கூடினால் தேர் நகரும் என்பதற்கு வேறென்ன சான்று? அதனால்தான் இன்று 617 இலக்க எண்களைப் பயன்படுத்துகிறார்கள்.

அதற்கும் ஒரு காலன் வரக்கூடும். குவாண்டம் கணினி என்று ஒன்று முழு வலிமையோடு உருவானால் மேலே சொன்ன இரு வழிகளும் திறந்துகொள்ளும் என்று பீட்டர் ஷோர் என்ற அறிஞர் 1994இலேயே காட்டிவிட்டார். அந்த நாளுக்கென்று வேறு கணக்குகளின்மேல் கட்டிய புதுப் பூட்டுக்களை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. ஏ.இ.எஸ். போன்ற பூட்டுக்கு அத்தனை ஆபத்து இல்லை. சாவியை நீட்டிக்கொண்டால் போதும் என்கிறார்கள்.

இங்கே ஒரு சோகக் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. டிஃபியும் ஹெல்மனும் கண்டதை அவர்களுக்கு முன்பே கண்டவர்கள் இங்கிலாந்திலே இருந்தார்கள். ஜேம்ஸ் எல்லிஸ் 1970இல் கருத்தைச் சொன்னார்; கிளிஃபர்டு காக்ஸ் 1973இலும், மால்கம் வில்லியம்சன் 1974இலும் கணக்கைக் கண்டார்கள். மூவரும் அரசாங்கத்தின் ஒற்றறியும் நிலையத்து ஊழியர்கள். அரசாங்கம் அதை அலமாரியிலே வைத்துப் பூட்டியது. உலகம் பிறரைக் கொண்டாடியபோது இவர்கள் வாய்மூடி இருந்தார்கள். 1997 டிசம்பரில்தான் உண்மையை வெளியிட்டார்கள். எல்லிஸ் அதற்கு முந்திய மாதமே கண்ணை மூடிவிட்டார்!

*

இனி வழக்குக்கு வருவோம்.

இக்கலை மக்கள் கைக்கு வருவதை அதிகார பீடங்கள் விரும்பவில்லை. 1977இல், இத்தகைய ஆராய்ச்சியை வெளியிடுவது ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று மிரட்டும் தொனியிலே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அமெரிக்க ஒற்றறியும் துறையின் ஊழியர். அவ்வாண்டு நடந்த மாநாட்டிலே, மாணவர்கள் வழக்கிலே சிக்கிவிடக் கூடாது என்று, அவர்கள் படிக்கவேண்டிய கட்டுரைகளைப் பேராசிரியர் ஹெல்மனே எழுந்து படித்தார். ஆசிரியர் என்றால் அவரல்லவா ஆசிரியர்!

ஆம், பீரங்கியும் பெருக்கல் கணக்கும் ஒரே பட்டியலில் இருந்தன! ஃபில் சிம்மர்மன் என்பவர் 1991இல் சாதாரண மக்கள் பயன்படுத்தும் மறையாக்க நிரல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அது கடல் கடந்து போய்விட்டது என்று மூன்றாண்டு விசாரணை. அவர் அந்த நிரலை அப்படியே புத்தகமாக அச்சிட வைத்தார். புத்தகத்தை ஏற்றுமதி செய்வது குற்றமில்லையே! 1996இல் வழக்குத் தொடராமலே விசாரணையைக் கைவிட்டார்கள். ஆர்.எஸ்.ஏ. கணக்கைச் சட்டையிலே அச்சிட்டு, "இந்தச் சட்டை போர்த் தளவாடம்" என்று போட்டுக்கொண்டு திரிந்த இளைஞர்களும் உண்டு. கேலியும் ஒரு போர்முறைதான்.

தடுக்க முடியாது என்று கண்டதும், மாற்றுச் சாவி யோசனை பிறந்தது. 1993இல் கிளிப்பர் என்ற சில்லை அமெரிக்க அரசு அறிமுகப்படுத்தியது. தொலைபேசியிலே பொருத்திக்கொள்ளலாம், பேச்சு மறையும், ஆனால் சாவியை இரண்டு துண்டாக்கி இரண்டு அரசுத் துறைகள் வைத்திருக்கும். மறு ஆண்டே மாட் பிளேஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதிலே பிழை கண்டுபிடித்தார். வாங்குவார் இல்லை, திட்டம் மண்ணைக் கவ்வியது.

அரசு தரப்பின் வாதத்தை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. குழந்தைகளைக் கெடுப்பவன், குண்டு வைப்பவன், வதந்தி பரப்பிக் கும்பலைத் தூண்டிக் கொலை செய்விப்பவன், இவர்களும் அதே பூட்டைப் போட்டுக்கொள்கிறார்களே, எப்படிப் பிடிப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2021இல் ஒன்றிய அரசு வகுத்த விதி, 50 இலட்சத்துக்கு மேல் பயனர் கொண்ட செய்திச் சேவைகள், சட்டப்படி ஆணை வந்தால், ஒரு செய்தியை இந்நாட்டிலே முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டியாக வேண்டும் என்கிறது. அப்படிக் காட்டுவதற்கு எல்லோருடைய பூட்டையும் உடைத்தாக வேண்டும் என்று வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டே டில்லி உயர்நீதிமன்றம் ஏறியது. வாட்ஸ்அப் நல்லவர்களின் மடம் என்று நாம் சொல்லவில்லை. செய்தியின் உள்ளே இருப்பதைத்தான் அவர்களால் படிக்க முடியாது. யார் யாரோடு எப்போது பேசினார் என்பது அவர்களுக்குத் தெரியக்கூடியதே. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி, அவர்கள் இலாபத்தைத் தாண்டிய கேள்வி.

பூட்டை உடைக்காமலே திருடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இவ்விடத்திலே சொல்லிவிடுகிறோம். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று எவனோ கூப்பிடுகிறான், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள் என்கிறான், சொல்லிவிடுகிறோம். அங்கே கணக்கு தோற்கவில்லை. சாவியை நாமே ஜன்னல் வழியே நீட்டிவிட்டோம். கைப்பேசிக்குள்ளேயே ஒற்று மென்பொருளைப் புகுத்திவிட்டாலும் அப்படியே. பூட்டித் திறந்து நீங்கள் படிக்கும்போது உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று அவனும் படிக்கிறான். குற்றவாளியைப் பிடிக்க எண்ணும் காவல் துறைக்கும் இப்படிப் பல வழிகள் உண்டு. குறிப்பிட்ட ஒருவனின் கருவியை நீதிமன்ற ஆணையோடு கைப்பற்றுவது ஒன்று. நூறு கோடிப் பேரின் கதவுக்கும் ஒரே மாற்றுச் சாவி செய்வது முற்றிலும் வேறு.

நல்லவர் கையிலேதானே சாவி இருக்கும் என்பவர்களுக்குக் கிரேக்க நாட்டில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே ஒரு தொலைபேசி நிறுவனத்தின் இணைப்புக் கருவிகளிலே, சட்டப்படி ஒட்டுக் கேட்பதற்கென்று ஒரு பகுதி அமைந்திருந்தது. 2004 முதல் 2005 மார்ச் வரை, எவரோ அதற்குள் புகுந்து, அதே பகுதியைக் கொண்டே நூற்றுக்கு மேற்பட்ட தொலைபேசிகளை ஒட்டுக் கேட்டார்கள். யாருடைய தொலைபேசிகள்? அமைச்சர்களுடையவை, அதிகாரிகளுடையவை, பிரதமருடையதே! அரசாங்கம் வைத்த ஓட்டை வழியே அரசாங்கத்தின் காதையே திருடினார்கள்.

அமெரிக்கா மட்டும் தப்பியதா? மிகப் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்குள் ஊடுருவல் நடந்திருக்கிறது என்று 2024 அக்டோபரில் செய்தி வெளிவந்தது. சீன அரசோடு தொடர்புடையவர்கள் என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது, சீனா மறுத்தது. ஊடுருவியவர்கள் எட்டிய இடங்களுள் ஒன்று, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக் கேட்பதற்காக நிறுவனங்கள் வைத்திருந்த ஏற்பாடு. முப்பதாண்டுக் காலம் மாற்றுச் சாவி கேட்டு வந்த அதே அரசாங்கத்தின் அதிகாரிகள், அவ்வாண்டு டிசம்பரில் தங்கள் குடிமக்களுக்கு ஓர் அறிவுரை சொன்னார்கள்: பேசுவதையும் எழுதுவதையும் முழுக்க மறையாக்கம் செய்யும் சேவைகளைப் பயன்படுத்துங்கள் என்று!